மாப்பிள்ளை ஆடிய இரண்டு பேர் ஆட்டம்

என் மாப்பிள்ளையைப் பைத்தியம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சோம்பேறி என்றார்கள், காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரித்தார்கள். இருந்தார், உண்மைதான், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் மூளை பிசகிப் போய்தான் அந்த மனிதர் மாடி அறையில் உட்கார்ந்து யாரும் இல்லாத இடத்தோடு பேசினார் என்று எதிர்வீட்டுத் தையல்காரி கண் காது மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அதை நான் விடப் போவதில்லை. அவள் பார்த்தது ஒரே ஒரு நாள், அதுவும் கதவிடுக்கு வழியாக. நான் வருஷக்கணக்காகப் பார்த்தவள்.

அவர் என் ஒரே மகளின் கணவர். தராசு பழுது பார்ப்பது வேலை. கடைகளில் எண் காட்டும் தராசு இருக்கிறதே, அது ஒரு சிட்டிகை கூடக் குறையக் காட்டினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனார் என்று பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மேசைமேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே வெல்வெட் துணி, அதில் குழி குழியாக எடைக்கற்கள், கைப்பிடி அளவிலிருந்து பொட்டு அளவு வரை. பளபளவென்று இருக்கிறதே என்று ஒன்றைத் தொடப் போனேன்.

"தொடாதீங்க அத்தை. விரல் பிசுக்கு ஒட்டினா அதுவும் எடைதான்" என்றார்.

இடுக்கியால்தான் எடுப்பார். விரல் பிசுக்கைக்கூடக் கணக்கில் வைக்கிற ஆளுக்கு மூளை சரியில்லை என்றால், இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறது என்று தையல்காரி சொல்லட்டும்.

வீட்டோடு இருந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன், வீடு பார்க்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், மாடி அறை சும்மா கிடக்கிறது, யாரோ ஒருவனுக்கு எதற்கு வாடகை அழ வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றேன். அவரை வீட்டோடு வைத்தது நான். கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும்.

மாடிக்குச் சாமான் ஏற்றியபோதுதான் அந்தப் பழைய டிவி வந்தது. முன்பக்கம் தட்டையாக இருந்தாலும் பின்பக்கம் நிறைமாதக்காரி மாதிரி தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். புதிசாக மெல்லிசாக எத்தனையோ விற்கிறதே, இது எதற்கு என்றேன். இந்த ஆட்டத்துக்கு இந்த டிவிதான் தோது, மெல்லிசு டிவியில் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் படம் அசையும் என்றார். டிவியோடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது விற்ற வீடியோ கேம் பெட்டி. கூடவே பொட்டலம் பொட்டலமாகக் கேசட்டுகள். எல்லாம் ஜப்பானிலிருந்து தபாலில் வந்தவை.

எங்கள் பக்கத்தில் விற்ற பெட்டியில் ஜப்பான் கேசட் ஓடாதாம். செய்தவர்களே அப்படித் தடுத்து வைத்திருக்கிறார்கள். கேசட் நுழைகிற வாயில் இரண்டு பிளாஸ்டிக் பற்கள் நிற்கும், வெளியூர்க் கேசட்டை உள்ளே விடாது. அந்தப் பற்களை இவர் வெட்டும் குறட்டால் பிடுங்கிவிட்டார். அப்படியும் படம் வரவில்லை. உள்ளே ஒரு வாட்ச்மேன் இருக்கிறானாம், பூச்சி மாதிரி கறுப்பாக, நிறையக் காலோடு ஒரு சில்லு. எந்த ஊர்க் கேசட் என்று கேட்பான், பதில் பிடிக்கவில்லை என்றால் விடமாட்டான். அவனுடைய ஒரு காலை மட்டும் பலகையிலிருந்து கழற்றித் தூக்கி நிறுத்தினார். அதன்பிறகு வாட்ச்மேன் வாயே திறப்பதில்லை. இதை அவர் சொன்னபோது என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, உன் மாப்பிள்ளை காலை ஒடிச்சே காரியம் சாதிக்கற ஆளு, பார்த்து நடந்துக்கோ" என்றாள்.

பெட்டியின் முதுகில் அவரே துளை போட்டு ஒரு சின்ன சுவிட்சும் வைத்தார். மேலே தள்ளினால் நம் ஊர் வேகம், கீழே தள்ளினால் ஜப்பான் வேகம். நம் ஊர் வேகத்தில் பாட்டு இழுவையாக வரும், படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், எல்லாம் அரைத்தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். அவருக்குப் பிடித்தது கீழ்வேகம். ஆனால் என் மகளின் கை அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. அதனால் சுவிட்சை மேலே தள்ளி வைத்தார். அவள் கைக்கு ஏற்ற வேகமே தனக்கும் போதும் என்றார்.

அவர்கள் ஆடியதெல்லாம் ஒரே கேசட்தான். மற்றவை டப்பாவில் தூங்கும். இரண்டு கரடிக்குட்டிகள், ஒன்றுக்கு நீலக் குல்லா, இன்னொன்றுக்கு மஞ்சள் குல்லா. நீலம் அவர், மஞ்சள் அவள். மலையேறிப் போக வேண்டும். எதற்குப் போகின்றன என்று அவர்களுக்கும் தெரியாது, எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஆட்டத்தில் ஒரு விதி. இரண்டு கரடியும் சேர்ந்து நடந்தால்தான் படம் நகரும். ஒன்று முன்னால் ஓடி, மற்றது நின்றுவிட்டால், முன்னால் போனது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மாடியிலிருந்து அந்த இழுவைப் பாட்டும், இவள் கத்துவதும், அவர் சிரிப்பதும் கேட்கும். நான் கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டே, இவர்களுக்குக் குழந்தை பிறந்தால் அது முதலில் கற்றுக்கொள்வது இந்தப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிறக்கவில்லை.

பிறகு மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று போனாள். அது முடிந்ததும் இன்னொரு ஒப்பந்தம். முதலில் தினமும் போன், அப்புறம் வாரம் ஒன்று, அப்புறம் நான் கூப்பிட்டால்தான். ஒருநாள் அவளே கூப்பிட்டாள். என்னிடம் கொஞ்ச நேரம், அவரிடம் கொஞ்ச நேரம், ஒளிவு மறைவில்லாமல் பேசினாள். திரும்பி வரப் போவதில்லை, அங்கேயே வேறு மாதிரி வாழ்க்கை அமைந்துவிட்டது, எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்றாள். அவள் என் மகள்தான், அவளையும் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

அவர் "சரி" என்று சொல்லிப் போனை வைத்தார். என்னைப் பார்த்து, "தனியா இருக்கறவங்க அப்படித்தான் அத்தை பேசுவாங்க. வந்துடுவா" என்றார். மாடிக்குப் போனார். இழுவைப் பாட்டு கேட்க ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவர் இரண்டு பேர் ஆட்டத்தை ஒருவராக ஆடினார். அவருடைய கன்ட்ரோலரைப் பிடித்து நீலக் கரடியைப் படத்தின் ஓரம் முட்டும் வரை நடத்துவார். அதைக் கீழே வைத்துவிட்டு, மெத்தைமேல் கிடக்கிற அவளுடைய கன்ட்ரோலரை எடுத்து மஞ்சளை நடத்திக் கூட்டிவருவார். மறுபடி நீலம். மறுபடி மஞ்சள். "இரு, வந்துட்டேன்" என்பார். "ம், இப்ப நட" என்பார். ஆடுகிறவர்கள் எல்லாருமே டிவியோடு பேசத்தான் செய்கிறார்கள், பந்தாட்டம் பார்க்கிறவன் பேசவில்லையா? ஆனால் இவர் பேசியது மஞ்சள் குல்லாவோடு மட்டும்தான். அது எனக்கும் தெரியும்.

பாதி மலையில் ஒரு பாலம் வரும். இரண்டு பலகைகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கரடியும் ஒரே மூச்சில் குதிக்க வேண்டும், ஒன்று பிந்தினால் இரண்டும் விழும். மாற்றி மாற்றிப் பிடித்தால் அங்கே செல்லாது. கைகள் இரண்டும் நீலத்துக்குத் தேவைப்பட்டதால், மஞ்சளின் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். தையல்காரி பார்த்தது இதைத்தான்.

தைத்த தலையணை உறையைக் கொடுக்க வந்தவள், நான் குளிக்கப் போயிருந்தேன் என்று மாடிக்கே ஏறிவிட்டாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"பெரியம்மா, உங்க மாப்பிள்ளை காலால எதையோ மிதிச்சுக்கிட்டு 'குதிம்மா, குதிம்மா'ங்கறாரு. அங்க யாருமே இல்ல."

"உன்னைத்தான்டி சொல்லியிருப்பாரு. நாலு படியை எட்டு சத்தம் போட்டு இறங்கறியே, ஒரே குதியா குதிச்சிருக்கலாம்ல."

வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். ஆனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதன்பிறகு முட்டி வலித்தாலும் நான் தினமும் மாடிக்கு ஏற ஆரம்பித்தேன். தேநீரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். அறையில் அவளுடைய பொருள் எதையும் அவர் நகர்த்தவில்லை. கண்ணாடிமேல் அவள் சீப்பு, ஆணியில் அவள் பை. மஞ்சளை என்னிடம் கொடுங்கள், நான் ஆடுகிறேன் என்றேன். கொடுத்தார். எந்தப் பொத்தான் குதிக்க, எந்தப் பொத்தான் ஓட என்று பொறுமையாகச் சொன்னார். என் கரடி நின்ற இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தது. குதி என்றால் உட்கார்ந்தது. அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் நான் கையில் எடுத்தால் அவர் மஞ்சளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார் என்று கண்டுகொண்டேன். அது அவருக்குச் சுகமாக இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆட்டம் தொடங்கும்போது முதலில் இரண்டு வரி எழுத்து வரும். எனக்குப் படிக்கத் தெரியாது. பஸ்ஸைக்கூடப் பலகையில் கடைசி எழுத்துக்குக் கொக்கி மாதிரி வால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏறுவேன். எழுத்து தெரியாதவர்களுக்கு எல்லா எழுத்தும் படம்தான். அந்த இரண்டு வரியும் எனக்குப் படமாகத்தான் தெரிந்தன. மேல்வரியில் படுத்த கோடு ஒன்று, பக்கத்தில் இரண்டு காலை அகட்டி நிற்கிற ஆள், தலையில்லை, கையில்லை, கால் மட்டும். கீழ்வரியில் படுத்த கோடு இரண்டு, பக்கத்தில் அதே ஆள். அவர் ஒவ்வொரு நாளும் திரையில் இருக்கிற கைகாட்டிக் குறியைக் கீழே இறக்கி இரண்டு கோட்டைத்தான் அமுக்குவார்.

"மேல ஒத்தக் கோடு, ஒரு ஆளு. கீழ ரெட்டைக் கோடு, ஒரு ஆளு. மேல இருக்கறது ஒத்த ஆளு ஆட்டமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ நான் ஜப்பானுக்கே போய்ப் படித்துவிட்டு வந்த மாதிரி ஒரு திகைப்பு. ஆமாம் என்றார்.

"அதுலயும் அந்தப் பாலம் வருமா?"

"தெரியலை அத்தை. அதை நான் தொட்டதே இல்லை."

என் ஆயுசில் நான் படித்த முதல் எழுத்து அது. தமிழ்கூட இல்லை.

இந்த நேரத்தில்தான் பட்டறை முதலாளி அவரைக் கூப்பிட்டார். துறைமுகத்துப் பக்கம் இன்னொரு பட்டறை திறக்கிறார்களாம், லாரியையே ஏற்றி நிறுக்கிற பெரிய தராசுகளுக்கு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். முதல்முறை கேட்டபோது முடியாது என்று வந்துவிட்டார். மறுபடி கேட்டார்கள், மென்று முழுங்கினார். கடைசியில் முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒட்டி உலர்ந்த மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, திங்கட்கிழமை பதில் சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துவிடுவேன் என்றார். அவர் போனதும் நான் கேட்டேன், ஏன் போகக் கூடாது?

"அவ வந்து கதவைத் தட்டினா நான் இருக்கணும்ல அத்தை."

நான் இருப்பேனே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மகள் போனபிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுகிற குரல் அவருடையது ஒன்றுதான். காலையில் அவர் இறங்கி வந்து "தண்ணி சூடா இருக்கா அத்தை" என்று கேட்பதை வைத்துத்தான் எனக்குப் பொழுது விடியும். அவர் போய்விட்டால் நான் யாருக்குத் தண்ணீர் காய வைப்பேன்? போகாமலே இருந்துவிடட்டும் என்று ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் போகாவிட்டால் அவர் அந்த அறையிலேயே, அந்த இழுவைப் பாட்டிலேயே, காலால் பொத்தானை அமுக்கிக்கொண்டே கிழவனாகிவிடுவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வயதான நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வராத ஒருத்திக்காக உட்கார்ந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போனேன். அவர் அப்போதுதான் பெட்டியைப் போட்டிருந்தார். இரண்டு வரியும் வந்து நின்றன. அவர் தேநீர் டம்ளரை வாங்கிக் கீழே வைக்கத் திரும்பிய சமயம், நான் அவருடைய கன்ட்ரோலரை எடுத்து ஒற்றைக் கோட்டை அமுக்கிவிட்டேன்.

அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. நீலக் கரடி தன்னந்தனியாக மலையடிவாரத்தில் நின்றது. மஞ்சள் இல்லை. அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

"நடத்திப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் கரடியை நகர்த்தவே இல்லை. பிறகு ஓர் அடி. படம் நகர்ந்தது. இன்னோர் அடி. எங்கேயும் முட்டவில்லை, யாருக்காகவும் நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் அவர் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று நின்று பார்த்தார், பின்னால் யாரோ வருகிற மாதிரி. கொஞ்ச நேரம் போனதும் நிற்காமல் நடந்தார். அப்புறம் எழுந்து பெட்டியின் பின்னால் கையை விட்டுச் சுவிட்சைக் கீழே தள்ளினார். கறுப்புப் பட்டை போய்ப் படம் விரிந்தது. பாட்டு துள்ளிக்கொண்டு ஓடியது. இத்தனை வருஷம் நான் ஒப்பாரி என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கும்மாளப் பாட்டு.

பாலம் வந்தது. ஒற்றை ஆள் ஆட்டத்தில் அங்கே ஏறி இறங்குகிற பலகைகள் இல்லை. அகலமான ஒரே பலகை, அசையாமல் கிடந்தது. நடந்தே கடந்துவிட்டார். அந்தப் பக்கம் வெறும் பனி. வெள்ளை வெளேரென்று, மரம்கூட இல்லாமல். அவரும் அவளும் சேர்ந்து ஒருநாளும் பார்க்காத இடம். கரடி அங்கே நின்றது. அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"இவ்வளவு சுலபமா அத்தை இது?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அவ வரமாட்டா, இல்ல?"

"வரமாட்டா மாப்பிள்ளை."

இதை யாராவது ஒருவர் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மகளே சொன்னாள்தான், ஆனால் போனில் சொன்னது அவருக்குச் சொன்னதாக ஆகவில்லை. அவள் அம்மா நான் சொன்னதும்தான் ஆனது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தையல்காரி வீட்டுக் கொடியில் காய்கிற துணியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு மட்டும் ஒன்றும் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தது.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு அத்தை இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு எதிர்வீட்டுக்காரி இருக்கா. அவகூடச் சண்டை போடவே எனக்கு நாள் பத்தாது" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டம்ளரை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சரி என்று சொன்னார். அந்த வாரம் முழுக்க அறையை ஒழித்தார். அவள் சீப்பையும் பையையும் துணிகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் மடித்து வைத்து, என் அறைப் பரணில் ஏற்றினார். பட்டறை எடைக்கல்லைத் தொடுகிற மாதிரி, விரல் நுனியால், எல்லாவற்றையும். சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினார், என் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தார், போனில் அவருடைய பெயருக்குப் பதில் தராசுப் படம் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தார், நான் தேடித் தவிக்கக் கூடாது என்று. டிவியைத் தூக்க முடியாது, மாடியிலேயே விட்டார். சாம்பல் பெட்டியை வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கன்ட்ரோலர் இரண்டையும் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். ஒன்று போதாதா, பார்த்தீர்களா இன்னும் தெளியவில்லை என்று இதற்கும் தையல்காரி பேசுகிறாள். துறைமுகத்திலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள், ஒருத்தர்கூட ஆட வரமாட்டார்களா?

போன அன்று காலையில் தண்ணீர் காய வைத்தேன். குளித்துவிட்டு வந்தார். நான் போட்ட தேநீரை நின்றுகொண்டே குடித்தார். பையைத் தோளில் மாட்டிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எதிரே தையல்காரி தன் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன் அத்தை" என்றார்.

எல்லாரும் சொல்கிற வார்த்தை. என் மகளும் இதே வாசலில் நின்று வரேன் என்றுதான் சொன்னாள். போகிறவர்கள் வாய் தானாகச் சொல்கிறது, நிற்கிறவர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். போயிட்டு வாங்க என்று நான் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவர் மாதம் தவறாமல் வந்து நின்று, மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பார் என்று எனக்குப் பட்டது.

"போங்க மாப்பிள்ளை" என்றேன்.

எதிர்வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மாமியார்க்காரி துரத்திவிட்டாள் என்று இன்றைக்கும் சொல்கிறாள், சொல்லட்டும். அவருக்குப் புரிந்தது. ஒரு நொடி என்னையே பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு படியிறங்கி, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார். பை கனத்ததால் ஒரு தோள் தாழ்ந்திருந்தது. தெருமுனை வரை அவர் எங்கேயும் நிற்கவில்லை.